ஒரே அட்சரேகை, இரு கடல்கள்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள டர்பனும் மேற்குக் கரையிலுள்ள போர்ட் நோலோத்தும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் அமைந்திருந்தும், முன்னதில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்ய, பின்னதில் 100 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் கடல்நீரின் வெப்பநிலையே காரணம்.

கிழக்கே, வெப்பமண்டலத்திலிருந்து தெற்கு நோக்கிப் பாயும் அகுலாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவருவதால், அதன்மேல் வீசும் காற்று ஈரத்தை முகந்துகொண்டு கரையேறி மழையாகப் பொழிகிறது. 1860 முதல் டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் வெட்டிய கரும்பும் இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் விளைந்ததுதான்.

மேற்குக் கரையின் நிலை சற்றுச் சிக்கலானது. அங்கே கரையை ஒட்டி வடக்கு நோக்கி வீசும் காற்று, புவிச்சுழற்சியின் விளைவாக, மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலே வருகிறது. மேலெழுச்சி எனப்படும் இந்நிகழ்வே அங்கே பாயும் பெங்குவேலா நீரோட்டத்தைக் கரையோரத்தில் மேலும் குளிர்விக்கிறது. குளிர்ந்த கடலைத் தொட்ட காற்று கனத்துத் தாழ்ந்து கிடக்க, அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் படிந்துவிடுவதால், ஈரம் உயர்ந்து மழைமேகமாக வழியின்றி மூடுபனியாகவே தங்குகிறது. வடக்கே நமீப் பாலைவனத்தில் ஒருவகைக் கருவண்டு மணல்மேட்டு உச்சியில் தலையைத் தாழ்த்தி நின்று, முதுகில் படியும் பனித்துளிகள் வாய்க்கு வழிந்து வரக் குடித்து உயிர்வாழ்கிறது.

கரை வறண்டாலும் கடல் வளமானது: மேலெழும் நீரிலுள்ள சத்துகளில் நுண்ணுயிர்கள் பெருக, அவற்றை உண்ணும் மத்தியும் நெத்திலியும் அங்கே பெருந்திரளாகக் கிடைக்கின்றன.