உடையாத பிணைப்பு

நான்ஸ்டிக் தவாவில் எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு தரும் குணம் அது. கரிம வேதியியலில் அதைவிட உறுதியான பிணைப்பு அரிது. வில்லங்கமும் அந்த உறுதியில்தான். வெயிலாலும் மண்ணின் நுண்ணுயிர்களாலும் நம் கல்லீரலாலும் அதை எளிதில் உடைக்க முடிவதில்லை. 'பிஃபாஸ்' எனப்படும் இந்தக் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் உண்டு. (தருமபுரிப் பக்கம் கிணற்றுநீரில் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு வேறு. அது பாறையிலிருந்து கசிவது. இவை ஆலையில் பிறந்தவை.) இந்த விஷயத்தில் தவாவை மட்டும் பார்த்து அஞ்சினால், அஞ்ச வேண்டியதைத் தவறவிட்டுவிடுவோம். தவாவின் டெஃப்லான் பூச்சு மிக நீண்ட மூலக்கூறு. உரிந்த துணுக்கை விழுங்கினாலும் அநேகமாக அப்படியே வெளியேறிவிடும். அதைத் தயாரிக்கத் துணைப்பொருளாகச் சேர்க்கப்பட்டுவந்த பிஎஃப்ஓஏ அப்படியல்ல. ரத்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பார்க்கர்ஸ்பர்க் அருகே ஒஹாயோ ஆற்றங்கரையிலிருந்த டூபான்ட் ஆலையிலிருந்து இந்தப் பொருள் சுற்றுவட்டாரக் குடிநீரில் கலந்தது. அப்பகுதி மக்கள் அந்த நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கின் சமரசப்படி 2005-06இல் சுமார் 69,000 பேரிடம் உடல்நலத் தகவல்கள் திரட்டப்பட்டன. பெரும்பாலோரின் ரத்தமும் சோதிக்கப்பட்டது. மூன்று நோய்ப்பரவலியல் அறிஞர்கள் கொண்ட குழு 2012இல் தன் ஆய்வை முடித்தபோது, சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு கோளாறு, பெருங்குடல் புண் அழற்சி, கர்ப்பகால ரத்த அழுத்தம், கூடுதல் கொலஸ்ட்ரால் ஆகிய ஆறுக்கும் இதற்கும் தொடர்பிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. குடித்தவர் எல்லாருக்கும் நோய் வரும் என்று அது சொல்லவில்லை. ஆனாலும் 2023இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

"லிட்டருக்குச் சில நானோகிராம்தானே, இது என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். தினமும் குடிக்கிறோம், உடலோ மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது. அந்த ஊர்களில், தண்ணீரில் இருந்ததைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு ரத்தத்தில் சேர்ந்திருந்தது. 2024இல் அமெரிக்கா குடிநீரில் பிஎஃப்ஓஏவுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்ததை மிகையென்று தள்ள முடியாது. காய்ச்சிக் குடிப்பதால் பயனில்லை: நீர் ஆவியாகும், சேர்மம் தங்கிவிடும். கரி வடிகட்டி பிடித்து வைக்கும், உரிய காலத்தில் மாற்றினால். ஆர்.ஓ. இயந்திரமும் பிரிக்கும், ஆனால் பிரித்ததைக் கழிவுநீரோடு சாக்கடைக்கே அனுப்பும். ஆகவே வீட்டுக்கு வீடு கருவி வைப்பது போதாது. ஆலை வாசலிலேயே அடைக்க வேண்டும். ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று வந்து நிற்பதால், குடும்பத்தையே சேர்த்துக் கட்டுப்படுத்துவதுதான் முறை. பிஎஃப்ஓஏவுக்கு மாற்றாக வந்த ஜென்எக்ஸ், வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றுநீரில் கண்டறியப்பட்டது. தடுத்தால் பலன் கிடைக்கும் என்பதற்கும் ஒஹாயோ ஆற்றங்கரையே சான்று. ஊர்க் குடிநீர் நிலையங்களில் கரி வடிகட்டி வைத்த முதல் ஆண்டிலேயே மக்கள் ரத்தத்தில் பிஎஃப்ஓஏ சராசரியாக 26 சதவீதம் குறைந்தது.