கடல் கடந்த கதிரை

இலங்கைத் தமிழர் வழங்கும் 'கதிரை' என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. பெயர் எளிதாகக் கடல் கடந்துவிட்டது, பொருளோ அவ்வாறன்று. மரக்கதிரையைக் கப்பலேற்றி விற்பது நெடுங்காலம் ஆதாயம் குறைந்த வாணிகமாகவே இருந்தது. கதிரை என்பது பெரும்பாலும் வெற்றிடம். நான்கு கால்களுக்கிடையே காற்றுத்தான் உண்டு. கப்பலை அதனால் நிரப்பும் வணிகன் காற்றுக்கே கூலி கொடுக்கின்றான்.

இச்சிக்கலை அவிழ்த்தவர் மைக்கேல் தோனெத். இவர் 1796 ஆம் ஆண்டில், றைன் நதிக்கரையிலுள்ள பொப்பார்ட் என்னும் ஊரிற் பிறந்த தச்சர். ஆஸ்திரிய அமைச்சர் மெற்றர்னிக் இவரது வேலைத்திறனை மெச்சி அழைக்க, 1842 இல் வியன்னா சென்றார். தொடக்கத்தில் மெல்லிய மரத்தகடுகளைப் பசையால் ஒட்டி வளைத்தே கதிரை செய்தார். வியன்னாவின் கோப்பிக் கடைகளுக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளுக்கு அனுப்பியபோது பசை இளகித் தகடுகள் பிரிந்தன. நம்மைப் போன்ற நாடுகளின் ஈரக் காற்றுத்தான் அவரை வேறு வழி தேடச் செய்தது எனலாம்.

ஒட்டாமலே முழுமரத்தை வளைப்பது அவ்வழி. பீச்சு மரக்கோலை நீராவியில் வேகவைத்தால் அது இளகும். ஆயினும் வளைக்கும்போது உட்புறம் நெருங்க, வெளிப்புற நார்கள் இழுபட்டு வெடிக்கும். தோனெத் வெளிப்புறத்தில் இரும்புப் பட்டையொன்றை இறுகப் பிணைத்தார். பட்டை நீளாது, ஆகவே நார் இழுபட இடமின்றி, மரம் முழுவதும் நெருங்கியே வளைந்தது. இரும்பு அச்சிற் பூட்டி உலர்த்தியபின் அவ்வளைவு நிலைத்துவிட்டது. இம்முறைக்கு 1856 இல் பதின்மூன்று ஆண்டுக்கால உரிமை கிடைத்தது.

மொறேவியாவில், பீச்சுக் காடுகள் சூழ்ந்த கொறிச்சான் என்னும் ஊரில் தொழிற்சாலை எழுந்தது. மரமும் மலிவு, கூலியும் மலிவு. ஒருவர் வளைத்தார், மற்றொருவர் துளையிட்டார், மெருகிடுவதும் பிரம்பு பின்னுவதும் பெண்களின் வேலையாயின. முழுக்கதிரை செய்யவல்ல தச்சர் அங்கு வேண்டப்படவில்லை. கதிரை மலிந்ததற்கு இத்தச்சர் இழந்த இடமும் ஒரு விலையே; விற்பனைக் கணக்குகளில் அது எழுதப்படுவதில்லை.

1859 இல் வெளிவந்த பதினான்காம் இலக்கக் கதிரையே இவற்றுட் புகழ்பெற்றது. திருத்தம் பெற்றபின் அதற்கு ஆறு மரத்துண்டுகளும் பத்துத் திருகாணிகளும் இரண்டு மரைகளுமே தேவைப்பட்டன. பிரித்து அடுக்கினால் ஒரு கனமீற்றர்ப் பெட்டியில் முப்பத்தாறு கதிரைகள் அடங்கின. சென்ற இடத்திற் பூட்டிக்கொள்ள ஒரு திருப்புளி போதும். 1867 இல் பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1869 இல் உரிமை முடிவுற்றதும் போட்டித் தொழிற்சாலைகள் பல முளைத்தன. இருந்தும் 1930 அளவில் ஐந்து கோடிக் கதிரைகள் விற்பனையாகியிருந்தன.

அப்பெட்டியின் வழியே இன்றைய வாணிகமும் செல்கின்றது. சுவீடனைச் சேர்ந்த இக்கியா நிறுவனம் 1961 இல் போலந்திலிருந்து கதிரைகளை வாங்கத் தொடங்கியது. இப்போது சீனா, வியற்நாம், போலந்து முதலிய நாடுகள் இத்துறையில் முன்னணியில் நிற்கின்றன. வாங்குவோரில் அமெரிக்கா பெரிது. சுங்கப் பகுதியார் மரச்சட்டமுள்ள இருக்கைகளை மெத்தை தைத்தவை, தைக்காதவை என வகுத்து எண்ணுகின்றனர்.

எங்கே வெட்டப்பட்ட மரம் என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்தது. களவாக வெட்டிய மரத்தாலான பொருளை விற்பதையும் குற்றமாக்கும் வகையில், அமெரிக்கா 2008 இல் தன் பழைய லேசி சட்டத்தைத் திருத்தியது. பிரித்து அடுக்கிய பெட்டியோடு இப்போது மரத்தின் இனத்தையும் பிறந்த நாட்டையும் கூறும் பத்திரமும் பயணஞ் செய்கின்றது.