உலோகமும் கணக்கும்

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் செய்வதைத் தோழியர் பலர் பார்த்திருப்பீர்கள். துணியை வெட்டுமுன் ஒரு சிறு துண்டை எடுத்து அளந்து, துவைத்து, உலர்த்தி, மறுபடி அளப்பார். எவ்வளவு சுருங்கிற்று என்று தெரிந்ததும், ஆயிரம் பனியன்களுக்கும் தாளிலேயே கணக்குப் போட்டு, அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்வார்.

உலோகங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதற்கு 'நிலைச் சமன்பாடு' என்று பெயர். உஷ்ணம் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு என்று கொடுத்தால், அந்த நிலையில் உலோகம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்று அது சொல்லிவிடும்.

இரும்பை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக அது 1538 டிகிரி செல்சியசில் உருகிவிடும். பூமியின் நடுமையத்தில் உஷ்ணம் 5000 டிகிரிக்குக் குறையாது. அப்படியானால் அங்குள்ள இரும்பு குழம்பாகத்தானே இருக்க வேண்டும்? 1936-இல் டென்மார்க் நாட்டுப் பெண் விஞ்ஞானி இங்கே லேமன், பூகம்ப அலைகளை ஆராய்ந்து, குழம்புக்கு உள்ளே வேறொரு உட்கரு இருப்பதைக் கண்டார். அது திடப்பொருளே என்பது பின்னர் தெளிவாயிற்று. காரணம், அங்குள்ள அழுத்தம் நம்மீது காற்று செலுத்தும் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 36 லட்சம் மடங்கு! உஷ்ணம் அணுக்களை உதறிப் பிரிக்கப் பார்க்கிறது. அழுத்தம் அவற்றைப் பிரிய விடாமல் நெருக்குகிறது. எந்த இடத்தில் எது வெல்லும் என்பதுதான் கணக்கு.

இரும்பாவது ஒழுங்கான உலோகம். புளூட்டோனியம் அப்படியல்ல. சூடேற்றினால் விரிவதற்குப் பதிலாக ஒரு கட்டத்தில் சுருங்கும். 640 டிகிரியில் உருகுவதற்குள் அதன் அணுக்கள் ஆறு விதமாக அடுக்கு மாறிவிடும். இந்தப் பொல்லாத உலோகத்துக்குச் சமன்பாடு காணும் வேலை 1967-இல் டாக்டர் ஆர். சிதம்பரத்திடம் வந்தது. சென்னையில் 1936-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, பம்பாய் டிராம்பேயில் பணியாற்றியவர் அவர். மற்ற நாடுகள் அந்த விடையை இரகசியமாகப் பூட்டி வைத்திருந்தன. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. வெடிமருந்தின் அதிர்ச்சியில் புளூட்டோனியம் கண நேரத்தில் நெருக்குண்டால் என்ன ஆகும் என்பதை அவர் கணக்கிட்டே அறிய வேண்டியிருந்தது. விடை தவறினால் மற்றவர்களின் உழைப்பும் வீணாகும். 1974 மே 18 அன்று பொக்ரானில் நடந்த அணுவெடிப்புச் சோதனை அக்கணக்குக்கும் சோதனையாயிற்று. (அணுவெடிப்பைப் பற்றி என் மனத்தில் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுதி. ஆயினும் அந்தக் கணக்கின் அருமையை மறுக்க முடியவில்லை.) டாக்டர் சிதம்பரம் 2025 ஜனவரி 4 அன்று காலமானார்.

கணக்கு மட்டும் போதுமா? துணித்துண்டைப் போல் இங்கும் ஒரு துண்டு வேண்டுமே! இரண்டு வைரங்களின் முனைகளுக்கு இடையே உலோகத் துணுக்கை வைத்துத் திருகி நெருக்கி, எக்ஸ் கதிரால் அளக்கிறார்கள். நம் கல்பாக்கத்திலும் இவ்வகை ஆய்வுகள் நடந்துள்ளன. அந்தத் துணுக்கு தையல் ஊசியின் காதில் நுழைந்துவிடும்.