கண்ணுக்குத் துணையாகும் கண்ணாடி

வளைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எழுத்துகளின் மேல் வைத்தால் அவை பெரிதாகத் தெரியும். அது முதியோர்க்கும் பார்வை மங்கியோர்க்கும் பயன்படும் என்று, பிரான்சிஸ்கன் சபைத் துறவி ரோஜர் பேகன் 1267-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்தப் பூதக்கண்ணாடி இன்று மின்னணுக் கருவிகளைச் செய்வோர்க்கும் பழுது பார்ப்போர்க்கும் இன்றியமையாத துணையாகிவிட்டது.

மின்சுற்றுப் பலகையில் பதிக்கும் மின்தடை ஒன்றின் நீளம் 2 மில்லிமீட்டர், அகலம் 1.25 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ளவையும் உண்டு. இவற்றை ஈயம் வைத்துப் பற்றவைக்க வெறுங்கண் போதாது. அப்படியானால் எந்தக் கண்ணாடியை வாங்குவது? மிக அதிகமாகப் பெருக்கிக் காட்டுவதே சிறந்தது என்று பலர் எண்ணுவர். அது சரியன்று.

பெருக்கம் கூடக் கூட, லென்சுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. பத்து மடங்கு பெருக்கும் சிறு லென்சின் குவியத் தொலைவு 2.5 சென்டிமீட்டர்தான். அந்த இடைவெளியில் சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூடுள்ள பற்றவைப்புக் கோலை எப்படி நுழைப்பது? முகம் சுடும், புகையும் மூக்கில் ஏறும். ஆகவே அத்தகைய லென்ஸ், வேலை முடிந்தபின் சோதித்துப் பார்க்க மட்டுமே ஏற்றது.

தொடங்குவோர்க்குத் தலையில் அணியும் கண்ணாடியே நன்று. இரு கைகளும் ஓய்வாக இருக்கும். இரு கண்களாலும் பார்ப்பதால் ஆழமும் புலப்படும். இரண்டரை மடங்கு பெருக்குவதில் பொருள் சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும். மூன்றரை மடங்கானால் அது சுமார் 10 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

விளக்குடன் கூடிய மேசைக் கண்ணாடியில் '3 டயாப்டர்', '5 டயாப்டர்' என்று எழுதியிருப்பார்கள். அதை மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று கொள்ளலாகாது. அந்த எண்ணை 4-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். 3 டயாப்டர் என்பது 1.75 மடங்கு, 5 டயாப்டர் என்பது 2.25 மடங்கு. வேலை முடிந்ததும் லென்சை மூடி வையுங்கள். வெயில் பட்டால் அது ஒளியைக் குவித்துத் தீ மூட்டிவிடும்.

மிக நுண்ணிய வேலைக்கு, இரு கண்களாலும் பார்க்கும் நுண்ணோக்கி உகந்தது. அதன் கீழ் 0.5 மடங்கு துணை லென்ஸைப் பொருத்தினால் பெருக்கம் பாதியாகும். வேலை செய்யும் இடைவெளியோ ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் விலை அதிகம். திரையில் படம் காட்டும் மலிவான நுண்ணோக்கிகளில் ஆழம் தெரியாது. படமும் கை அசைவுக்குச் சற்றுப் பின்தங்கலாம். வகுப்பில் பலருக்கு ஒருசேரக் காட்ட அவை பயன்படும்.

எந்தக் கண்ணாடியானாலும் நல்ல வெளிச்சம் வேண்டும். உருகிய ஈயம் பளபளக்கும். ஆகையால் விளக்கைச் சற்றே சாய்த்து வையுங்கள். புகையை வெளியேற்றச் சிறு மின்விசிறி வையுங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பூதக்கண்ணாடி வாங்குமுன் கண்களைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். கிட்டப்பார்வையோ, பெரியவர்களாயின் வெள்ளெழுத்தோ இருந்தால், அதற்குரிய மூக்குக்கண்ணாடியே முதல் தேவை.

மாணவியரே! பெரிதாகக் காண்பதைவிடத் தெளிவாகக் காண்பதே முக்கியம். கண் இறைவன் தந்த கொடை. அதை வருத்தாமல் கைத்திறனை வளர்ப்போமாக!