எஃகு மட்டை செய்த சாம்பியன்

அமெரிக்க டென்னிஸில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை ஏழு முறை வென்றவர்கள் மூவர்தான்: ரிச்சர்ட் சியர்ஸ், பில் டில்டன், வில்லியம் லார்னெட். முதல் இருவரைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். லார்னெட்டைப் பற்றி எழுதும்போது ஏழு பட்டங்களைச் சொல்லிவிட்டு, 1922இல் அவர் எஃகுச் சட்டம் கொண்ட மட்டையை உருவாக்கியதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு வரிதான் அவர் வாழ்க்கையின் இரு பாதிகளையும் இணைக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோதே, 1892இல், கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றவர் அவர். கியூபா போருக்குப் போய் வாதநோயோடு திரும்பியும் 38 வயதுவரை, 1911வரை, பட்டங்களை வென்றார். முந்தைய ஆண்டின் சாம்பியன் இறுதிச் சவாலை மட்டும் ஆடினால் போதும் என்ற அக்கால விதி அவருக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனால் 1911இல் அந்த ஓர் ஆட்டத்தில் எதிர்த்து ஆடிய, தன்னைவிட இளையவரான மெக்லாக்லினை வீழ்த்தியதும் அவர்தான்.

மரமட்டை ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் ஆடி முடித்ததும் அதை பிரஸ் என்ற அழுத்துச் சட்டத்தில் மாட்டித் திருகு முடுக்கி வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் இந்தத் தொல்லையைக் கையில் பிடித்து ஆடிய லார்னெட்டுக்கு, பொறியியல் படித்தவர் என்பதால் உலோகத்தின் இயல்பும் தெரிந்திருந்தது. எஃகு மட்டையைச் செல்வக் குடும்பத்தில் பிறந்தவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கலாம். ஆனால் பணம் தொழிலுக்கு முதல் போடும். எங்கே கோளாறு என்று காட்டாது. இன்னும் வலுவான மறுப்பு, அந்த மட்டை மரத்தை வெல்லவில்லை என்பது. மரமே மேலும் நாற்பதாண்டுக்கு மேல் கோலோச்சியது. சிக்கல் நரம்பில் இருந்தது: விலங்குக் குடலில் திரித்த நரம்பு உலோகத் துளையில் உராய்ந்து அறும். அதனால் லார்னெட்டின் எஃகு மட்டைக்கு எஃகுக் கம்பிகளையே பூட்டினார்கள். சட்டத்தைச் சுற்றிய கம்பி வளையங்களில் நரம்பைக் கோக்கும் வழியை 1960களில்தான் இன்னொரு சாம்பியனான ரெனே லகோஸ்ட் கண்டார். அந்த வடிவம்தான் வில்சன் நிறுவனத்தின் டி2000 மட்டையாகி டென்னிஸ் வீரர் ஜிம்மி கானர்ஸின் கைக்கு வந்தது. ஆக, சட்டத்துக்கு எஃகைத் தேர்ந்ததில் லார்னெட் தவறவில்லை. தீராமல் நின்றது நரம்பைக் கட்டும் முறை மட்டுமே.

அவர் 1926இல் இறந்தார். தன் எண்ணம் பலித்ததைப் பார்க்கவில்லை. உலோக மட்டையின் கதையை லகோஸ்டிடமிருந்து தொடங்குவது பிழை. அவருக்கு முன்பே அந்த வரிசையில் லார்னெட்டின் பெயர் இருக்க வேண்டும்.