கூரைக்கும் வேலைக்கும் எத்தனை கிலோமீட்டர்?

2011 பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு நம் நாட்டில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டி வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள், தட்டுவதற்குக் கதவே இல்லாதவர்களை எண்ணப் புறப்பட்ட இரவு அது. வீடற்றவர் என்றால் யார் என்று அரசாங்கம் அவர்களுக்கு ஒரு விளக்கம் கொடுத்திருந்தது. சாலையோரத்திலும் நடைபாதையிலும் இருப்பவர்கள், மேம்பாலத்துக்கும் மாடிப்படிக்கும் அடியில் இருப்பவர்கள், கோயில் வாசலிலும் மண்டபத்திலும் ரயில் நிலைய நடைமேடையிலும் படுப்பவர்கள், அப்புறம் ஹியூம் குழாய்க்குள் வசிப்பவர்கள். சாக்கடை வேலைக்காகக் கொண்டுவந்து இறக்கி, புதைக்காமல் போட்டுவைத்த சிமெண்டுக் குழாயையும் ஒரு முகவரியாகச் சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது! வேலை தாமதமானால் கான்டிராக்டருக்கு அபராதம். குழாயில் குடியிருப்பவருக்கோ அது வாடகையில்லாத நீட்டிப்பு.

அந்தக் கணக்குப்படி இந்தியா முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர், நம் தில்லியில் 46,724 பேர் வீடற்றவர்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டிலேயே 'ஆஷ்ரய் அதிகார் அபியான்' என்ற தொண்டு அமைப்பு தில்லித் தெருக்களில் நடந்து எண்ணியபோது 52,765 பேர் அகப்பட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அது 24,966. 2014-இல் தில்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியம் எடுத்த கணக்கிலோ 16,760. எண்ணுகிறவர் எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் போனார் என்பதைப் பொறுத்து மனிதர்கள் கூடுகிறார்கள், குறைகிறார்கள். பத்து மணிக்குப் போனால் பாதிப் பேர் இன்னும் வேலையில் இருப்பார்கள். பன்னிரண்டுக்குப் போனால் போர்வைக்குள் இருப்பது ஒருவரா இருவரா என்று தெரியாது.

நம்மில் பலர் இவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சட்டமும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தது. 1959-ஆம் வருடத்து பம்பாய் பிச்சையெடுப்புத் தடுப்புச் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டு, பிழைக்க வழி தெரியாமல் பொது இடத்தில் திரிகிறவரைக்கூடப் பிடித்து அடைக்க இடம் கொடுத்தது. அதன் பெரும்பகுதியைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாது என்று ரத்து செய்தது.

உண்மையில் பழைய தில்லி நடைபாதையில் உறங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைப்பாளிகள். காரி பாவ்லியில் நாம் வாங்கும் மிளகாயையும் முந்திரியையும் மூட்டையாக முதுகில் சுமப்பவர், சதர் பஜாரில் தள்ளுவண்டி தள்ளுபவர், ரிக்‌ஷா மிதிப்பவர், கல்யாண சீசனில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நமக்கே தட்டு நீட்டுபவர். இரவு ஒரு மணிக்குப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, கோட்டைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்துவிட்டு அவர் எங்கே போவார் என்று நாம் கேட்டதில்லை. ஜும்மா மசூதிப் பக்கம்தான். அடுத்த நாள் வேலைக்கு ஆள் எடுப்பதும் அங்கேதான்.

இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. மனிதன் முதலில் வேலைக்குப் பக்கத்தில் படுக்கிறான், கூரை அப்புறம். விடிகாலை நாலு மணிக்கு லாரி வந்து நிற்கும் இடத்தில் நாலு மணிக்கு இருந்தால்தான் கூலி. அந்த நேரத்தில் பஸ்ஸும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. பத்து கிலோமீட்டர் தள்ளி நல்ல கட்டில் போட்டுக் கொடுத்தாலும் அவரால் வர முடியாது. இதைப் பிடிவாதம் என்று எழுதிவைக்கும் அதிகாரிகள் உண்டு. இது கணக்கு; அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு.

ரயில் நிலையத்தைச் சுற்றி ஏன் இத்தனை பேர் என்பதற்கும் காரணம் இதுவே. ரயில்வேயில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரவு முழுவதும் பூட்டாமல், விளக்கோடும் குழாய்த் தண்ணீரோடும் கழிப்பிடத்தோடும் இருக்கும் பொதுக் கட்டடம் ஊரில் வேறு எது? ஆனால் டிக்கெட் இல்லாதவர் அங்கே அத்துமீறி நுழைந்தவர். சட்டம் அப்படி. ஆகவே விரட்டல், மறுபடி வரவு, மறுபடி விரட்டல்.

குளிர் வந்துவிட்டால் இதில் ஒரு வியாபாரமும் கலக்கிறது. பழைய தில்லியில் ரஜாய் வாடகைக்குக் கிடைக்கும். ஓர் இரவுக்கு இவ்வளவு, கீழே விரிக்கச் சேர்த்து இவ்வளவு. காசில்லாதவருக்குப் படுக்க இடமும் கிடையாது. நம் பழைய யமுனைப் பாலம், அதாவது மேலே ரயிலும் கீழே சாலையுமாக 1860-களில் கட்டிய இரும்புப் பாலம், அதன் அடியில் காசு கொடுத்துப் படம் பார்க்கும் சாக்கில் உறங்கும் கொட்டகைகள் இருந்தன. ஷௌனக் சென் 'சிட்டீஸ் ஆஃப் ஸ்லீப்' என்ற ஆவணப் படத்தில் இதையெல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறார். உறக்கத்துக்கு வாடகை கேட்கிற ஊர் இது. ஊர்ப் பெயர்களில் மட்டும் சராய்க்குக் குறைவில்லை. சராய் ரோஹில்லா, சராய் காலே கான், பேர் சராய், ஜியா சராய்! சராய் என்றால் நம் சத்திரம்தான். சாந்தினி சௌக்கில் ஜஹானாரா பேகம் கட்டிய பெரிய சராய் இருந்த இடத்தில் பிற்பாடு டவுன் ஹால் வந்தது.

நிற்க. இன்றைக்குத் தில்லியில் 'ரெயின் பசேரா' எனப்படும் இரவுத் தங்கிடங்கள் ஏறத்தாழ 200 இருக்கின்றன என்றால், அதற்குப் பின்னால் ஒரு கெட்ட குளிர்காலம் இருக்கிறது. 2009 டிசம்பரில், கடும் குளிரில், பூசா சாலை ரவுண்டானாவில் இருந்த ஒரு தற்காலிகத் தங்கிடத்தை மாநகராட்சி இடித்துத் தள்ளியது. அங்கிருந்தவர்கள் வெட்டவெளிக்கு வந்தார்கள், சாவு நேர்ந்தது. உயர் நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உணவு உரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்கிடமாவது, 24 மணி நேரமும் திறந்து, இருக்க வேண்டும் என்ற நிலை அதன் பிறகு உறுதிப்பட்டது. தில்லியில் 2010-இல் தனி வாரியமே ஏற்பட்டது.

தங்கிடங்களில் மூன்று ஜாதி. கான்கிரீட் கட்டடம், தகரப் பெட்டி போன்ற போர்ட்டா கேபின், குளிர்காலத்துக்கு மட்டும் நவம்பர் நடுவில் போட்டு மார்ச் நடுவில் பிரிக்கும் கூடாரம். போர்ட்டா கேபினைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. சீக்கிரம் நிறுத்தலாம் என்பது ஒன்றே அதன் நன்மை. ஜூன் மாதத்தில் தகரச் சுவர் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவு பூராவும் உள்ளே கக்கும். ஆட்கள் வெளியே வந்து படுப்பார்கள். 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதியில் ஆளுக்கு 50 சதுர அடி என்று எழுதியிருந்தது. ஸ்லீப்பர் வண்டியில் நாம் படுத்து வரும் பெர்த் சுமார் 12 சதுர அடி. விதிப்படி நடந்தால் ராஜ வாழ்க்கைதான். நடைமுறையில் ஜனவரி மாதம் பெர்த்தைவிட நெருக்கமாகத்தான் படுக்கை விரிக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே விதியிலும், தில்லியின் 2021 மாஸ்டர் பிளானிலும், தங்கிடங்கள் ரயில் நிலையம், பஸ் நிலையம், மொத்த வியாபாரச் சந்தை இவற்றின் அருகே வர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

அரசாங்கம் சுவரைக் கட்டுகிறது. உள்ளே நடப்பதைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள்தாம் பார்த்துக்கொள்கின்றன. வெளியிலும் அப்படியே. சீஸ் கஞ்ச் குருத்வாராவிலும் பங்களா சாஹிபிலும் லங்கரில் உட்காருகிறவரை யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. மனநலம் குன்றி ஜும்மா மசூதிப் பக்கம் திரிகிறவர்களுக்காக இஹ்பாஸ் மருத்துவமனை டாக்டர்கள், தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து தெருவிலேயே மருத்துவ முகாம் நடத்தியிருக்கிறார்கள். அழைத்துப்போய்ச் சேர்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டுமென்றபோது மாஜிஸ்திரேட்டையே அங்கே வரவழைத்ததும் உண்டு. புது தில்லி ரயில் நிலையத்தில் வந்திறங்கும் அநாதைப் பிள்ளைகளுக்காக 1988-இல் சலாம் பாலக் டிரஸ்ட் தோன்றியது. 'சலாம் பாம்பே' என்ற மீரா நாயரின் படத்திலிருந்து பிறந்த அமைப்பு இது. 'பட்டர்ஃப்ளைஸ்' அமைப்பு தெருப் பிள்ளைகளுக்கென்று, அவர்களே கணக்கு எழுதும் ஒரு வங்கியை நடத்திக் காட்டியது. பிள்ளைகள் சம்பாதித்த பத்து ரூபாய் ராத்திரி தாண்டி மறுநாள் கையில் இருக்க வேறு வழியில்லை என்பதால் வந்த யோசனை அது.

'கூஞ்ச்' அமைப்பு தொடங்கிய கதையைப் பலர் கேட்டிருக்கலாம். அன்ஷு குப்தா என்ற இளைஞர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பழைய தில்லியில் போலீசுக்காக அநாதைப் பிணங்களைத் தள்ளுவண்டியில் எடுத்துச் செல்லும் ஒருவரைச் சந்தித்தார். குளிர்காலத்தில்தான் தனக்கு வேலை மிகுதி என்று அந்த மனிதர் சொன்னாராம். அவருடைய சிறுமி சொன்னது அதைவிடக் கொடியது: குளிர் தாங்காத இரவில் பிணத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடுவாளாம், அது புரண்டு படுத்துத் தொந்தரவு செய்யாதாம். 1999-இல் தன் வீட்டிலிருந்து எடுத்த 67 துணிகளோடு அன்ஷு குப்தா ஆரம்பித்ததுதான் கூஞ்ச். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

துணி, கம்பளி கொடுப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஜனவரியில் நாம் காரில் போய் நடைபாதையில் கம்பளி போர்த்திவிட்டு வருகிறோம். காலையில் வேலைக்குப் போகிறவர் அந்தக் கம்பளியை எங்கே வைப்பார்? மூட்டை சுமக்கும்போது கூடவே அதையுமா சுமப்பார்? மாலையில் திரும்பினால் இருக்காது. ஆகவே கிடைத்த விலைக்கு விற்றுவிடுகிறார். அதைப் பார்த்து, கொடுத்ததைக் குடித்துவிட்டான் என்று நாம் பேசுகிறோம். ஒரு பூட்டும் சாவியும் உள்ள சின்னப் பெட்டி தங்கிடத்தில் ஆளுக்கு ஒன்று இருந்தால் கம்பளியும் தங்கும், ஆதார் அட்டையும் தங்கும். கம்பளிக்கு நன்கொடை தர ஆயிரம் பேர். பெட்டிக்குத் தர ஆளைக் காணோம்.

கட்டியதும் நிலைப்பதில்லை. 2023-இன் தொடக்கத்தில் சராய் காலே கானிலும், பிறகு யமுனா பஜார் பகுதியிலும் தங்கிடங்களையே இடித்தார்கள். அவ்வருடம் ஜூலையில் பழைய ரயில் பாலத்தின் அளவுகோலில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. அபாயக் குறி 205.33. கரையோரம் படுத்திருந்தவர்கள் மேம்பாலங்களுக்கு ஏறினார்கள்.

இது யாரோ வடக்கத்தியர் சமாசாரம் என்று இருந்த நமக்கு 2025 ஜூன் 1 வந்தது. ஜங்புராவில் பாராபுல்லா நாலாக் கரையில் இருந்த மதராசி கேம்ப் அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள், பல பத்தாண்டுகளாக அங்கேயே இருந்தவர்கள். மழைக்கு முன் நாலாவைத் தூர்வார வேண்டும், அடைப்பினால் வெள்ளம் வருகிறது என்பது நீதிமன்றத்தின் காரணம். வடிகால் வேலை தெரிந்தவன் அந்தக் காரணத்தை இல்லையென்று சொல்ல மாட்டான். தகுதியுள்ளவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு என்று உத்தரவு. எல்லாரும் தகுதி பெறவில்லை. பெற்றவர்களுக்கும் ஜங்புராவிலிருந்து நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

காலை ஏழு மணிக்கு ஜங்புராவிலோ போகலிலோ ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, எட்டரைக்கு இன்னொரு வீட்டில் சமைத்து, பத்துக்கு மூன்றாவது வீட்டில் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? போய்வரச் செலவு எவ்வளவு? 2004-இல் யமுனா புஷ்தாவை இடித்துப் பவானாவுக்கும் ஹோலம்பி கலானுக்கும் மக்களை அனுப்பியபோது நடந்ததும் இதுவே. குடும்பத்தைப் புது இடத்தில் விட்டுவிட்டு ஆண்கள் வேலைக்காகத் திரும்பி வந்து, முன்பு வீடு இருந்த ஆற்றங்கரையிலேயே வெறும் தரையில் படுத்தார்கள். காகிதத்தில் அவர்களுக்கு வீடு இருந்தது. கணக்கெடுப்பாளர் இரவில் வந்தால் வீடற்றவர்.

நம் சங்கத்தால் வீடு கட்டித் தர இயலாது. ஆனால் தகுதி பெற்றார், பெறவில்லை என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் காகிதம்தான். தில்லியின் 2015-ஆம் வருடத்து மறுகுடியமர்வுக் கொள்கையில் 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே வசித்ததைக் காட்ட வேண்டும்: வாக்காளர் பட்டியலில் பெயர் கட்டாயம், அதோடு ரேஷன் அட்டை, மின்சார ரசீது, புகைப்படத்தோடு கூடிய வங்கிப் புத்தகம், இப்படி ஏதேனும் ஒன்று. அப்பா பெயரில் இருந்து மகன் பெயருக்கு மாறாத அட்டை, எழுத்துப் பிழையோடு இருக்கும் பெயர், ஊரிலேயே விட்டுவிட்ட வாக்குரிமை, இவைதான் குடும்பங்களைத் தெருவுக்கு அனுப்புகின்றன. இந்தியில் விண்ணப்பம் எழுதவும், அலுவலகத்தில் நின்று பேசவும் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசாமிகள் நம்மிடையே நிறைய. தில்லியில் இன்னும் பல ஜுக்கிகளில் தமிழர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்து, அவர்களுடைய பழைய மின்சார ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கி, ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு பிரதிகளில் ஒன்றை நம் அலுவலக பீரோவில் வைத்துக்கொள்ளலாம். நாலாவில் வெள்ளம் வந்தாலும், புல்டோசர் வந்தாலும் அந்த ஒரு பிரதி இருக்கும்.