பழைய பந்தயக் காரின் பிறேக் தட்டு: அலைவு காண்டலும் களைதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கும் பழைய மோட்டார் வண்டிகளுக்கும் உள்ள உறவு நெடியது. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலியன 1990இன் பின் நிலவிய பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி எம்மவரைச் சுமந்தன. அவற்றை ஓடச்செய்த கைவினைஞரின் திறமை நாடறிந்தது. ஆயினும், ஓட்டுவித்தல் ஒரு கலை. நிறுத்துவித்தல் பிறிதொரு கலை. போர் முடிந்தபின் ஏ9 நெடுஞ்சாலை செப்பனிடப்பட்டு வேகம் மிகுந்துள்ள இந்நாளில், இரண்டாவது கலையைச் சிறிது ஆராய்தல் பயனுடைத்து.

மேற்கூறிய வண்டிகள் பெரும்பாலும் உருளை பிறேக் உடையவை. சில்லுடன் சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் கட்டைகள் கவ்வி நிறுத்தும் டிஸ்க் பிறேக்கின் சிறப்பை உலகறியச் செய்தது, 1953ஆம் ஆண்டு லே மான் 24 மணிப் பந்தயத்தில் ஜகுவார் சி வகை வண்டி பெற்ற வெற்றியே. 1961இல் மினி கூப்பரும், 1962இல் எம்.ஜீ.பீ.யும் முன் சில்லுகளில் டிஸ்க்குடன் வெளிவந்தன. இத்தகைய பழைய பந்தய வண்டிகளைப் பேணுவோர்க்குப் பெருந்தொல்லை தருவது தட்டின் அலைவாகும்.

தட்டு தன் தளத்தில் நேராகச் சுழலாது பக்கவாட்டில் ஆடுதலே அலைவு எனப்படும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், சுற்றளவு 1.9 மீற்றர் கொண்ட சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 15 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டின் மேடான இடம் கட்டையைத் தள்ளும். கட்டைகள் பின்வாங்குதலால், வளைவொன்றை நெருங்கி மிதிக்கையில் மிதி ஆழச் செல்லும். அன்றியும், பிறேக் மிதியாத வேளையிலும் மேடு கட்டையில் உராய்ந்து தேய்கின்றது. நாளடைவில் தட்டின் தடிப்பு இடத்துக்கு இடம் வேறுபட, மிதியிலும் சுக்கானிலும் அதிர்வு தோன்றுகின்றது. "வெப்பத்தால் தட்டு வளைந்தது" என்று பலர் கூறுவர். உண்மையில் பல வேளைகளில் நிகழ்ந்தது இத்தேய்வே, அல்லது கட்டைப் பொருள் தட்டில் சீரின்றிப் படிந்தமையே.

நோயைக் காணும் முறை வருமாறு. பிறேக் மிதிக்கும்போது மட்டும் சுக்கான் அதிர்ந்தால் முன் பிறேக்கை ஐயுறுக. மிதியாதபோதும் அதிர்ந்தால் சில்லின் சமநிலையை முதலில் நோக்குக. பின் வண்டியை உயர்த்தித் தாங்கிகளில் உறுதியாக நிறுத்தி, பெயறிங்கின் தளர்வைச் சரிசெய்தல் வேண்டும். தளர்ந்த பெயறிங்கின் ஆட்டம் தட்டின் அலைவெனப் பொய்க்கணக்குக் காட்டும். தட்டு தனித்துக் கழலும் வகையாயின், சில்லு நட்டுகளால் அதனை ஹப்பில் இறுக்குக. 'டயல் கேஜ்' என வழங்கும் மானியை அசையாத பாகத்தில் நிறுத்தி, அதன் முனையைத் தட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே பொருத்தித் தட்டை மெல்லச் சுழற்றுக. முள்ளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடே அலைவு. 0.1 மி.மீ., அஃதாவது எழுதுதாள் ஒன்றின் தடிப்பு, பல வண்டிகளுக்கு மேலெல்லை. சிலவற்றுக்கு அதனினும் குறைவு. உச்சம் நின்ற இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறிக்க. அடுத்து, ஒரே ஆரையில் எட்டு இடங்களில் நுண்மானித் திருகுக் கணிச்சியால் தடிப்பை அளந்து ஒப்பிடுக.

இனி மருந்து. தட்டைக் கழற்றி ஹப்பின் முகத்தை அளத்தல் வேண்டும். கடற்காற்று வீசும் எம் நாட்டில் துருவே முதற் பகைவன். 130 மி.மீ. விட்டமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. துருத்துணுக்கு ஒன்று கிடப்பின், 260 மி.மீ. விட்டமுள்ள தட்டின் விளிம்பில் அது 0.1 மி.மீ. அலைவாகும். ஆதலின் இரு முகங்களையும் துருவின்றித் தேய்த்துத் துடைத்து மீண்டும் அளக்க. அலைவு எஞ்சின், தட்டை ஒவ்வோர் ஆணித்துளையாக நகர்த்திப் பொருத்துக. ஹப்பால் 0.06, தட்டால் 0.05 மி.மீ. என்றால், மேடும் மேடும் சேரும்போது 0.11, மேடும் பள்ளமும் சேரும்போது 0.01. எம்.ஜீ.பீ. போன்றவற்றில் தட்டு ஹப்புடனேயே ஆணிகளாற் பிணைக்கப்பட்டுள்ளமையின் ஹப்பையும் கழற்றுதல் வேண்டும்.

இதனாலும் தீராதாயின், தட்டையும் ஹப்பையும் ஒன்றாகவே லேத்திற் பொருத்தி இரு முகங்களையும் ஒரே பிடிப்பிற் கடைதல் வேண்டும். தயாரிப்பாளர் வகுத்த குறைந்த தடிப்புக்குக் கீழ்க் கடைதல் ஆகாது; அங்ஙனமாயின் புதுத்தட்டே வழி. ஈற்றில் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக, குறித்த முறுக்கத்துக்கு இறுக்குக.

ஹப்பை நோக்காது தட்டை மட்டும் மாற்றுவோர் சில திங்களில் அதே அதிர்வை மீண்டும் பெறுவர். பணமும் வீண், உயிருக்கும் இடர். உருளை பிறேக்கிலும் நெறி இதுவே: வட்டம் பிறழ்ந்த உருளையும் மிதியை உதைக்கும். பௌதிக ஆய்வுகூடத்தில் நுண்மானி பிடிக்கப் பழகும் மாணவர், நூற்றிலொரு மில்லிமீற்றர் ஏட்டுக்கணக்கு மட்டுமன்று, சுக்கான் பிடிப்பவரின் உயிர்க்கணக்குமாம் என்பதை உணர்வாராக.